ஹீலியத்தின் எண்

உங்கள் மின்விசிறி ஆடுகிறது. ஒரு திருகை முறுக்கினால் நின்றுவிடும். அதற்குக்கூட இந்தக் காவல் நிலையத்தில் ஒருவருக்கும் கை வரவில்லை. எனக்கு இப்படிப் பிசகினால் பொறுக்காது.

செத்தவள் என் மனைவியின் தங்கை. ஆய்வுக்கூடத்தில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். எங்கள் வேலையை எளிதாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். காற்றை உறிஞ்சி எடுத்த உருளைக்குள் கொஞ்சம் ஹீலியம் விட்டு, அதில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சுவோம். சில மோதிச் சிதறும். சில, அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிப் பறித்து அதை அயனியாக்கிவிடும். எத்தனை பாய்ச்சினால் எத்தனை அயனியாகும் என்பதே கேள்வி. ஹீலியத்துக்கு நான் அளந்து சொன்ன எண்ணைத்தான் ஊர் உலகமெல்லாம் எடுத்து ஆண்டது.

அவள் அதில் கை வைத்தாள். வாயுவின் அழுத்தத்தை அளக்கும் மானியில் பாதரசம் இருக்கிறது. அதன் ஆவியை உறையவைத்துப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு குளிர்பொறி வைத்திருந்தேன். அதை நோக்கி ஓடிய ஆவி, மானியிலிருந்த ஹீலியத்தையும் கொஞ்சம் இழுத்துப் போயிருக்கிறது. மானி அழுத்தத்தைக் குறைத்துக் காட்ட, அதைக் கொண்டு வகுத்த என் எண் கூடிவிட்டது. இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். தேநீர் வேளையில் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"தப்பு உங்களோடது இல்ல அத்தான், மானியோடது. நாம ரெண்டு பேருமா திருத்தி அனுப்பிடலாம்."

குழந்தைக்கு மூக்கு துடைத்துவிடுகிற குரல். அந்தக் குரலை வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்பெட்டியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒருவர் எர்த் கம்பியால் அதைத் தொட்டு வடித்துவிட்டு, "தொட்டாச்சு" என்பார். அதைக் கேட்ட பிறகே மற்றவர் உள்ளே கை விடுவார். திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நம்பவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் பெட்டிக்குள் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. குனிந்தபடியே கேட்டாள், "தொட்டாச்சா அத்தான்?"

கம்பி கொக்கியிலேயே தொங்கியது. "தொட்டாச்சு" என்றேன். வாய் தவறிச் சொன்னதாக எழுதாதீர்கள். எனக்கு வாய் தவறாது.

அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கம்பியால் முறைப்படி தொட்டுவிட்டு இணைப்பை நானே முறுக்கினேன். ஆவி ஓடாதபடி மானியின் பாதரசத்தையே குளிர்வித்து அளந்து பார்த்தேன். அவள் சொன்ன எண்ணே வந்தது. திருத்தத்தை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் போட்டிருக்கிறேன். வஞ்சம் வைத்திருந்தால் போட்டிருப்பேனா, நீங்களே சொல்லுங்கள்.