துணி ஆறுமுன் வெட்டியவர்

கண்ணுகளா, இன்று பல்லடம் பஸ்ஸில் என் முன்சீட்டில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவரும் அவர் மனைவியும் சண்டை போட்டார்கள். பனியன் துணியை விரித்து, இழுப்பு அடங்க ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இவர் அவசரமாக வெட்டியதில் அத்தனை பனியனும் சுருங்கிவிட்டது.

“ஆறட்டும்னு சொன்ன பீகார்க்காரரை வேலைய உட்டுத் தொரத்தி உட்டீங்களே, நாயமாங்க?”

“காட்டுல திரிஞ்ச காலத்துல, முடியும்னு பன்னி மேல பாஞ்சவன்தான் தின்னான். யோசிச்சவன் பட்டினி. நாமெல்லாம் பாஞ்சவன் வம்சம். அது ரத்தத்துலயே வருதாமா.”

“பாஞ்சு, குத்துப்பட்டுச் செத்தவன் எத்தன பேருங்க? அவன் வந்து சொல்லவா போறான்? போயி அந்த மனுசனைக் கூட்டியாங்க.”

“நான் எதுக்குப் போகோணும்? நாளைக்கு அவனே வருவான் பாரு.”

அந்தம்மா அவர் போனைப் பிடுங்கி, தானே அந்த பீகார்க்காரரைக் கூப்பிட்டுப் பேசினார்.

“பக்கத்துக் கம்பெனில சேந்துட்டாருங்க. அங்க துணி ஆறிக்கிட்டிருக்குதாமா.”