முதல் பந்தி

கத்தரிக்காயைக் காம்போடு சேர்ந்திருக்கும்படி நான்காகக் கீற வேண்டும், சார். அப்போதுதான் புளி உள்ளே இறங்கும். நிஷா சரியாகத்தான் கீறியிருந்தாள். உப்பு, காரம், எண்ணெய் எதிலும் குறை இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாளாக அந்தப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, என்ன போட்டாய், எங்கே வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் பெயர் சாமுவேல். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் யாருக்காவது பெரிய வைத்தியம் என்றால், பிரியாணி ஆக்கி ஊரைக் கூப்பிட்டு உதவி விருந்து வைப்போம். வருகிறவர்கள் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சமையற்கட்டு என் பொறுப்பில் இருந்தது.

பொறுப்பு என்றால் கரண்டி பிடிப்பது இல்லை. பாத்திரம் பார்ப்பது. சபைக்கு ஐந்து செம்பு தேக்சாக்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு ஆக்கலாம். வெறும் செம்பில் புளி பட்டு நின்றால் விஷம். அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசுவது. கலாய் என்போம். விருந்துக்கு முந்தின வாரம் ஐந்தையும் ஆட்டோவில் ஏற்றிக் கலாய்க்காரர் சர்தார் பாஷாவிடம் கொண்டுபோவேன். அவர் உள்பக்கத்தை வெள்ளை வெளேரென்று ஆக்கித் தருவார். இதற்காக எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை.

இந்த முறை விருந்து டேனியலுக்காக. கட்டிங் செக்‌ஷன் பையன், முப்பத்து நான்கு வயது, இரண்டு பெண் குழந்தைகள். இதயத்தில் வால்வு கெட்டு, வேலூரில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் நிஷா எழுந்தாள். கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை, எதற்கும் கையில் ஒரு லிஸ்ட் வைத்திருப்பாள்.

"அங்கிள், இத்தனை வருஷம் நீங்க ஒருத்தரே கஷ்டப்பட்டுட்டீங்க. இந்த வாட்டி கிச்சன நான் பாத்துக்கறேன். நீங்க வாசல்ல சேர் போட்டு உக்காந்து வர்றவங்கள வாங்கன்னு கூப்புடுங்க, போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்தார்கள். போதும் என்றாள் பாருங்கள், அந்தச் சொல் எனக்கு வலித்தது. இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவள் மேல் கோபம் என்று சொல்ல மாட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவளுக்கு ஆழம் எவ்வளவு என்று யாராவது காட்டத்தானே வேண்டும்.

கலாய் வேலை அவள் லிஸ்டில் இல்லை, அது என்னிடமே இருந்தது. நான்கு தேக்சாக்களை மட்டும் கொண்டுபோனேன்.

"இன்னொண்ணு இன்னா ஆச்சு, சாமுவேலண்ணா?" என்றார் சர்தார் பாஷா.

"அது இந்த வாட்டி வேணாம் பாய்," என்றேன்.

அந்த ஐந்தாவதில் ஈயம் அநேகமாகத் தேய்ந்துபோயிருந்தது. ஒட்டியிருந்ததையும் செங்கல் தூள் போட்டு நானே சுரண்டி எடுத்தேன். இரண்டு நாள் வேலை. கடைசியில் புளி போட்டு விளக்கியதும் உள்பக்கம் செக்கச் செவேலென்று மின்னியது.

நிஷா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர் அங்கிள், எல்லாத்தையும்விட இதுதான் க்ளீனா இருக்கு," என்றாள்.

"அப்ப கத்தரிக்காய்க்கு இத வெச்சுக்கம்மா. காலையிலயே செஞ்சிடு. புளி ஊற ஊறத்தான் ருசி."

அதையும் லிஸ்டில் எழுதிக்கொண்டாள். பதினொரு மணிக்கு இறக்கிய கத்தரிக்காய், சாயங்காலம் ஏழு மணி வரை அந்தத் தேக்சாவிலேயே கிடந்தது.

நாலு பேருக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு வாரம் பேசுவார்கள். அடுத்த தடவை என்னைக் கூப்பிடுவார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைக்கிற சுபாவம் எனக்கு இல்லை.

பந்திக்கு முந்து என்பார்கள். எங்கள் விருந்தில் முந்துவது யாருக்காக விருந்தோ அந்தக் குடும்பம். அவர்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள், சபை சுற்றி நிற்கும், பாஸ்டர் ஜெபம் செய்வார். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான். அப்படியானால் டேனியல்தான் முதலில் சாப்பிடுவான் என்று தெரியாதா என்பீர்கள். தெரியும். ஒரு கரண்டி தொட்டுக்கொள்வான், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று இருந்தேன். ஆனால் டாக்டர் அவனுக்குக் கறி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவன் இலையில் வெறும் குஸ்காவும் கத்தரிக்காயும்தான். குழந்தைகள் கத்தரிக்காயை ஒதுக்கிவைத்தார்கள். அதையும் அவனே எடுத்துச் சாப்பிட்டான்.

பிறகு வாசலில் இருந்த என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"அண்ணா, இங்க வாங்களேன். கத்தரிக்கா இன்னும் கொஞ்சம் போடுங்க. உங்க கையால போடுங்க."

எழுந்து போய், பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணிடம் வாளியை வாங்கினேன். எண்ணெயில் இலேசாகப் பச்சை ஓடியிருந்தது. அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு கரண்டி போட்டு, "போதுமாப்பா?" என்றேன்.

"இன்னும் ஒண்ணு."

போட்டேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒருவன் எல்லோர் முன்னாலும் என் கையால் வேண்டும் என்று கேட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஐம்பது பேருக்கு மேல் வாந்தி எடுத்தார்கள். மறுநாளே எழுந்துவிட்டார்கள். டேனியலின் இதயம்தான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நான்தான் டீ கொடுத்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான். ஈயத்தைச் சுரண்டியது நான். அதில் ஆக்கச் சொன்னது நான். அவன் இலையில் போட்டதும் நான். எழுதியாயிற்றா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நிஷாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இனி சமையற்கட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று அழுகிறாளாம். அது நல்ல முடிவு.

ஒரு விண்ணப்பம் மட்டும், சார். வரும் இருபத்தெட்டாம் தேதி டேனியலின் பெண் குழந்தைகளுக்காகச் சபையில் விருந்து வைக்கிறார்கள். நேற்று கமிட்டி முழுவதும் என் வீட்டுக்கு வந்து, நீங்க இல்லன்னா நடக்காதுண்ணா என்று கையைப் பிடித்துக் கேட்டார்கள். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அது முடிகிற வரைக்கும் என்னை வெளியே விட்டுவையுங்கள். பாத்திர விஷயத்தில் வேறு யாரையும் நம்ப முடியாது.