நூத்தி அறுபத்து மூணாம் நம்பரு

பேய் மெசினுன்னா பேய் மெசினு தம்பி, நான் என்ன பொய்யா சொல்றேன்? நீங்க பஸ்ஸு ஜன்னல் பக்கமே இருங்க, பரவால்ல. மஸ்கெலியா டேம் இருக்குல்ல, அதுல ஒரு கரண்டி சீனியக் கொட்டி, ஒரு கிளாஸ் தண்ணி மொண்டு அதுகிட்ட குடுத்தாப் போதும். சீனி கெடக்குதுன்னு சொல்லிரும். எந்தக் கடையில வாங்குனதுன்னும் சொல்லும். சரி சரி, சிரிக்காதீங்க, அந்தக் கட மட்டும் நான் சேத்தது.

எனக்கு எப்படித் தெரியுமா? எல்லாம் இராமையா சொன்னதுதான். எங்க லிந்துலைப் பக்கம் ஒரு கெழவன். வயசு எழுவத்தி ரெண்டு, வாய்க்கு மட்டும் இருவது. அவன் பொஞ்சாதி காளியாயி. அந்தம்மா ஒம்பது பொம்பளைகளச் சேத்துக்கிட்டு, கையாலயே கொழுந்த உருட்டிக் காயவச்சுத் தேயில செய்யிது. ஜெர்மனிக்காரன் ஒருத்தன் வந்து ஒரு வாய் குடிச்சான், கண்ண மூடுனான், நாப்பது கிலோ அனுப்புங்கன்னுட்டுப் போயிட்டான். மொத ஓடரு தம்பி! அன்னைக்கு லயத்து வீடுக அத்தனையும் எந்திரிச்சு ஆடுச்சு.

அனுப்ப முந்தி கொழும்புல சோதன பண்ற லெப்புக்குக் கொஞ்சம் குடுக்கணுமாம். குடுத்தாங்க. ரிப்போட்டு வந்துச்சு பாருங்க, தேயிலையில பொயில இருக்குன்னு! ஆமா, வெத்தலையோட போட்டு மெல்லுறமே, அதே பொயில. அதுல உள்ள நிக்கோட்டினு. ஜெர்மனிக்காரன் அளவு வச்சிருக்கான், அதுக்கு மேல போயிருச்சு.

பழி யாரு மேல விழுந்துச்சுங்கிறீங்க? நிஷாந்தின்னு ஒரு புள்ள. அது புருசன் கோவாத் தோட்டம் போடுறான், கோசுப் புழுவுக்குப் பொயிலத் தண்ணி தெளிப்பான். அதுதான் கொழுந்துல பட்டுச்சுன்னு எல்லாப் பொம்பளைகளும் அவ மேல பாஞ்சிட்டாங்க. எங்க தோட்டம் தேயிலைக்கு மேலயா இருக்கு, கீழ பள்ளத்துலல்ல இருக்குன்னு அவ கத்துறா. யாரு கேக்குறா? இன்னைக்கு லெப்புல இருந்து ஆளு வந்து ரெண்டாவது சாம்பிள் எடுக்குறாங்களாம். இதுலயும் பொயிலன்னா ஓடரு போச்சு. எப்படி வந்தாலும் நிஷாந்திய நீக்குறதுன்னு முடிவாயிருச்சு.

காளியாயி லேசுப்பட்டவளா? ரிப்போட்ட இடுப்புல சொருகிக்கிட்டு, மெசினோட சண்ட போடவே கொழும்புக்குப் போயிருச்சு! இராமையா பின்னாலயே. அங்க கிருஷாந்தின்னு வெள்ளக் கோட்டுப் புள்ள, பொகவந்தலாவைக்காரி. ஏசுனதெல்லாம் கேட்டுட்டு, வாங்கம்மா, மெசினையே பாருங்கன்னு கூட்டிட்டுப் போச்சு.

தேயிலையப் பொடிச்சு, மருந்துத் தண்ணியில ஊறவச்சு, வடிகட்டி ஒரு சொட்டு எடுப்பாங்களாம். அத ஒரு இரும்புக் குழாய்க்குள்ள தள்ளுது. குழாய் விரல் நீளந்தான், உள்ள மாவு மாதிரி பொடி அடச்சிருக்கு. நூறு யானை முட்டுற வேகம் இருந்தாத்தான் தண்ணி உள்ளயே போகும். சிவனொளிபாதமலை சீசன்ல பாத்திருக்கீங்களா? நல்லதண்ணி அடிவாரத்துல ஒரு பஸ்ஸு சனம் ஒண்ணா ஏற ஆரம்பிக்கும். எளவட்டம் சரசரன்னு போயிரும். மாமியாருக்காரி ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலயும் குந்தும். முழங்கா வலிக்காரன் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடமாட்டான். ஒண்ணா ஏறுன சனம் உச்சிக்கு வேற வேற நேரத்துக்குத்தான் போகும், இல்லையா? அதே கததான். பொடியில ஒட்டாதது மொதல்ல வெளிய வருது, ஒட்டிக்கிறது ஆறஅமர வருது. யாரு எத்தனையாவது நிமிசம்னு மெசினு குறிச்சு வச்சிருக்கு.

வெளிய வந்தவன விட்டுருமா? பன்னீர் தெளிக்கிற மாதிரி ஊசி முனையில தெளிச்சு, கரண்டு ஏத்தி, தண்ணிய ஆவியாக்கி, காத்தே இல்லாத பெட்டிக்குள்ள பறக்கவிட்டு நிறுக்குது! நம்ம கொழுந்து நிறுவையில தோட்டத்து மேப்பார்வ கண்டாக்கையா ரெண்டு கிலோவ முழுங்கிட்டுத்தான் எழுதுவாரு. இங்க அந்தப் பேச்சே இல்ல. கரண்டு ஏறுன நிக்கோட்டினோட எட நூத்தி அறுபத்து மூணு. காளியாயி விடல. அதே எடையில வேற எவனாச்சும் வந்து நின்னா என்ன செய்வீங்கன்னு கேட்டுச்சு. கேக்குமில்ல! அதுக்குந்தான் வழி வச்சிருக்கான். நூத்தி அறுபத்து மூண மட்டும் புடிச்சு, மோதவிட்டு ஒடச்சு, துண்டையும் நிறுக்கும். ஒவ்வொரு சட்டியும் ஒவ்வொரு மாதிரித்தானே ஒடையும்? நூத்தி முப்பதுல ஒரு துண்டு விழுந்துச்சு. மெசினோட டீவியில கோடு ஒண்ணு மல மாதிரி சர்ருன்னு எந்திரிச்சு நின்னுச்சு. காளியாயி மெசினக் கையெடுத்துக் கும்புட்டுருச்சு தம்பி!

இராமையாவா? அவனுக்கு அந்த ஏசிக்குள்ள வேர்த்து ஊத்துது.

ஏன்னு கேக்குறீங்களா? ரெண்டு வருசத்துக்கு முந்தி மாரியம்மங் கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணவன், இனிமே பொயிலயத் தொடமாட்டேன்னு. தொடாம இருந்தான், ஒம்பது நாளு. பொறகு ஒளிக்க ஆரம்பிச்சான். தலகாணிக்குள்ள வச்சான், காளியாயி கண்டுபுடிச்சிருச்சு. ரேடியோப் பெட்டிக்குள்ள வச்சான், பாட்டு வரலன்னு தொறந்து பாத்துருச்சு. கூரைத் தகரத்துக்கு அடியில வச்சான், மழ காட்டிக்குடுத்துருச்சு. கடைசியா பொஞ்சாதி தொடவே தொடாத எடம் ஒண்ணு ஆப்புட்டுச்சு. ஜெர்மனிக்குன்னு ஒதுக்கி மூடிவச்ச டின்னுக. எட்டு டின்னுல மூணாம் நம்பரு. தேயில எந்த வாசத்தையும் இழுத்துக்கும்னு அறுவது வருசம் தேயிலையில நின்னவனுக்குத் தெரியாதா? தெரியும் தம்பி. அப்ப ஞாபகத்துக்கு வரல. லெப்புக்கு அள்ளுனது அந்த டின்னுலதான்.

அங்கயே சொல்லிருக்கலாமேன்னா? காளியாயிய நீங்க இன்னும் பாக்கல.

ஆனா நேத்துச் சாயந்தரம் நிஷாந்தி வந்தா. வேல செய்யறப்ப போடுற தொப்பியும் ஏப்ரனும் தொவச்சு மடிச்சுக் கொண்டாந்து இராமையா கையில குடுத்தா. தாத்தா, அடுத்து வர்றவுகளுக்குக் குடுங்கன்னா. ஒரு ஏச்சு ஏசிருந்தா அவன் நிம்மதியாத் தூங்கிருப்பான்.

ஒண்ணு கேக்குறேன். அந்த மெசினு பொயிலன்னு சொல்லுது, எவ்வளவுன்னு சொல்லுது. யாரோடதுன்னு சொல்லுமா? ... சொல்லாதா? துண்டு துண்டா ஒடச்சாலுமா? ... ம். அந்த வெள்ளக் கோட்டுக் கிருஷாந்தியும் அதத்தான் சொல்லிச்சு.

இந்தாங்க, புடிங்க. பயப்படாதீங்க, பொட்டலந்தான். மூணாம் நம்பர் டின்னுல கெடந்தது. இதையும் ஒங்க பைக்குள்ள போட்டு சீலு வைங்க சேர். மத்த ஏழு டின்னையும் தனித்தனியா அள்ளுங்க, ஒண்ணுலயும் இருக்காது. சாம்பிள் எடுக்கக் கொழும்பு பஸ்ஸுல வர்ற லெப்புச் சேரை ஹட்டன்ல இருந்து கூட்டியாங்கன்னு என்னை அனுப்புனதே காளியாயிதான்.

லிந்துலை வந்துருச்சு. அந்தா, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நிக்கிது பாருங்க. நீங்க முன்னால எறங்குங்க சேர். இல்ல, இருங்க, நானே மொதல்ல எறங்குறேன். கடுதாசில எழுதிக்கிட்டீங்களா? இராமையா. நாந்தான். தகப்பன் பேரும் வேணுமா?