கீழ்வீட்டிலிருந்து வந்த வயர்

ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி வரும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த இளைஞர், பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் சொன்னார்.

"எட்டு மாசம் கழிச்சு நேத்துதான் என் வீட்டுக்காரி முகத்த முழுசாப் பாத்தேன், அண்ணாச்சி."

"ஏன், எங்க போயிருந்தா?"

"மாலத்தீவுல ஒரு சின்னத் தீவுல டீச்சரா இருக்கா. வீடியோவுல கூப்பிட்டா பாதி மூஞ்சி வரும், அப்படியே நின்னுரும். எங்க பிள்ளைக்கு மூணு வயசு. இதான் அம்மான்னு காட்டினா பயந்து ஓடுவா. வேலைய விட்டுட்டு வந்திருதேன்னு அவ ஒரே அழுகை."

"அங்க அவ வீட்டுக்கு நெட்டு போட வேண்டியதுதானல?"

"தனியாப் போட்டா சம்பளத்துல பாதி போயிரும். அவ அங்க மாடியில இருக்கா, கீழ்வீட்டு அம்மாகிட்ட நல்ல லைன் இருக்கு. சேந்துக்கிடட்டுமான்னு கேக்க இவளுக்கு இத்தன நாளா வெக்கம். நேத்து காலையில கேட்டுட்டா. அந்தம்மா அன்னைக்கே ஜன்னல் வழியா மாடிக்கு வயர இழுத்து விட்டுட்டாங்க."

"பிள்ளை என்ன செஞ்சா?"

"கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. அப்புறம் சோத்துத் தட்டத் தூக்கிட்டு வந்து செல்லு முன்னால வச்சு, ஊட்டுன்னு வாயத் தொறந்தா."

பெரியவர் சிரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினிய?"

"ஒண்ணும் பேசல, அண்ணாச்சி. அவ அங்கன மீன் கழுவினா, நான் இங்கன வெங்காயம் உரிச்சேன். ரெண்டு மணி நேரம் போன அணைக்கவே இல்ல."