ஏழாவது குழிக்குக் கடலை

நான் ஆசையாக வாங்கிய கோல்ஃப் மட்டையால் இதுவரை விழுந்தவை பக்கத்து வீட்டு மாங்காய்கள் மட்டும்தான். அதனால், பாசிர் பெனம்பாங் மீன்கடை வரிசையில், "ஏழாவது குழிக்குக் கடலை இல்லாம போகாத மச்சான்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டதும், வாங்க வந்த மீனை மறந்துவிட்டேன்.

நண்பர்கள் இருவர். ஒருவருக்கு மறுநாள், மகளின் வருங்கால மாமனாரோடு ஆட்டம்.

"கடலை எதுக்குடா?"

"அங்க குரங்கு பந்தைத் தூக்கிட்டு ஓடிடும்லா! முதல்ல கடலையைத் தூரமா வீசு, அப்புறம் அடி."

"மூணாவதுல குளம் இருக்கே?"

"தாண்டணும்னு ஆசைப்படாத. செம்பனை மரத்தைப் பார்த்து மெதுவா தட்டு. சம்பந்தி வீம்புக்கு ஓங்கி அடிப்பாரு, பந்து நேரா தண்ணிக்குள்ள!"

"ஐயோ, ஜெயிச்சா கல்யாணம் நம்ம ஊரு கோலா சிலாங்கூர்லதான்டா! தோத்தா கிள்ளான்ல, அவரு சொல்ற மண்டபம்."

"விடாத மச்சான்! கடைசிக் குழியில கடல்காத்து எதுக்க வரும். தாழ்வா அடி!"

மச்சான் குடையைத் தலைகீழாகப் பிடித்து, தாழ்வாகவே அடித்துப் பார்த்தார். வரிசை சற்று விலகியது.

முன்னால் நண்டு வாங்கி முடித்த அவர் மனைவி திரும்பி வந்தார்.

"நல்லா விளையாடிட்டு வாங்க. கிள்ளான் மண்டபத்துக்கு நானும் சம்பந்தியம்மாவும் நேத்தே முன்பணம் கட்டிட்டோம்."