உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஜீப்பில் என்னை அழைத்து வந்தபோது பின்கதவை நானே உள்ளிருந்து திறந்துகொண்டு இறங்கினேன். உங்கள் ஏட்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிடித்த ஆளை ஏற்றுகிற வண்டியில் உள்பக்கம் கைப்பிடி வைத்திருக்கிறீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம், சொல்லத் தோன்றியது.

அமெரிக்காவில் ஐம்பது வருடத்துக்கு முன்பே இப்படி இல்லை. ஒவ்வொரு ஊர்ப் போலீசும் தனக்கு என்ன வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லித்தான் கார் வாங்கியது. பெரிய எஞ்சின், கெட்டியான பிரேக், வேகத்தைத் தப்பாமல் காட்டுவதாகச் சான்று பெற்ற ஸ்பீடோமீட்டர், டிரைவர் பக்கம் ஒரு தேடு விளக்கு. தரைக்குக் கம்பளம் வேண்டாம், ரப்பர் போதும். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கம்பி வலை. பின்கதவுகளுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. எல்லாம் ஃபேக்டரியிலேயே செய்து கொடுப்பார்கள். நம் ஊரில் முகூர்த்தப் புடவையைச் சொல்லி நெய்வதில்லையா, அந்த மாதிரி. உடல் இந்த நிறம், கரை இந்த நிறம் என்று சொல்லி நெய்த புடவையின் கரையை யாராவது வெட்டி எறிவார்களா?

என் தங்கை அகிலாவின் புருஷன் கோதண்டபாணி எறிவான். பட்டுக்கடை வைத்திருந்தவன், சார். ஜரிகையைச் சுரண்டிப் பார்க்காமல் ஒரு புடவையைக் கையில் வாங்க மாட்டான். கார் என்றால் மட்டும் பளபளப்பாக இருக்கிறதா என்பதோடு அவன் அறிவு முடிந்துவிடும்.

கார் அவன் பேரில் வாங்கியது. தேர்ந்தெடுத்தது நான். பழைய வண்டிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வழி பிறந்ததும், எத்தனையோ பேரிடம் கேட்டு, ஒரு திருகாணிகூட மாற்றாத 1974ஆம் வருடத்துப் போலீஸ் காரைக் கண்டுபிடித்தேன். கப்பலில் வந்து இறங்கிய அந்த வண்டியைப் பார்த்து அவன் கேட்டது, "இன்னா மச்சான், ஏசி இல்லியா?"

அதன் பிறகு, சீட்டு வழுக்குகிறது என்று வெல்வெட் போட்டான். தேடு விளக்கைக் கழற்றிக் கடை வாசலில் மாட்டினான். இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் அவன் மகள் தீபிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு, பின்கதவில் துளை போட்டு உள்ளே கைப்பிடி வைக்க ஒரு மெக்கானிக்கையும் பேசிவிட்டு வந்தான்.

"மாப்பிள்ளய உள்ள போட்டுப் பூட்டி இட்டாந்தாங்கன்னு சம்பந்திங்க சிரிக்க மாட்டாங்களா மச்சான்?" என்றான்.

நான் நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னேன். "எந்த மாப்ளயாவது தானே கதவத் தொறந்துக்கினு எறங்குவாரா? பொண்ணு வூட்டு மச்சான் வந்து தொறந்து, கையப் புடிச்சி எறக்கணும். நம்ம வழக்கத்துக்குன்னே செஞ்சா மாதிரி இருக்குது இந்தக் கதவு. தீபிகாவுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. நான் நின்னு தொறக்கறேன்."

"அதெல்லாம் சரிப்படாது மச்சான். நாளைக்குக் காலீல மெக்கானிக் வந்துடுவான்."

நியாயத்தைக் காதில் வாங்காத மனிதனிடம் வேறு எப்படிப் பேசுவது?

அன்று வைகாசிக் கருடசேவை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே பெருமாளைப் பார்க்கப் போயிருந்தது. அகிலாவும் தீபிகாவும்கூடப் போய்விட்டார்கள். கார் என் சாயப்பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும், பந்தோபஸ்துக்கு நின்றிருப்பீர்கள்.

"ஒரு தடவ மாப்ள மாதிரி உக்காந்துதான் பாருங்களேன்" என்றேன். தங்கை புருஷனும் மாப்பிள்ளைதானே. அந்த வார்த்தைக்கு மயங்காத ஆண்பிள்ளை இந்த ஊரில் கிடையாது. போனை முன் சீட்டில் போட்டுவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, சிரித்தபடியே பின்னால் ஏறினான். நான் கதவைச் சாத்தினேன்.

"சரி, வந்து தொற மச்சான்" என்று உள்ளிருந்து கை காட்டினான். நான் நகரவில்லை. கதவைத் தடவிப் பார்த்தான். கண்ணாடியை இறக்கப் பார்த்தான், அதற்கும் உள்ளே பிடி கிடையாது. கம்பி வலையைப் பிடித்து உலுக்கினான். எதை எதற்காகக் கேட்டு வாங்கினார்களோ, ஐம்பது வருடம் கழித்தும் அது அந்த வேலையைச் செய்தது. அந்தக் காரை அவன் கவனித்துப் பார்த்தது அப்போதுதான்.

"வெளையாட்டு போதும் பா. உள்ள வேவுது. நெஞ்ச அடைக்குது. கைப்பிடியும் வேணாம் ஒண்ணும் வேணாம், தொற பா."

கைப்பிடி வேண்டாம் என்று அவன் வாயால் சொன்னதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அது வியாபாரி பேச்சு. வெளியே வந்ததும் மாற்றிவிடுவான். மோதிரக் கையால் கண்ணாடியில் அடித்தான். கீறல் விழும் என்று சொன்னேன். முன் சீட்டில் போன் அடித்தது. திரையில் அகிலா பெயர். அவன் வலைக்குள் விரலை விட்டு எட்டப் பார்த்தான். எட்டவில்லை. நான் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு பெருமாளைச் சேவிக்கப் போனேன். ஒரு பந்தலில் புளியோதரை கொடுத்தார்கள், நன்றாக இருந்தது.

சாயங்காலம் வந்து, வழக்கப்படி, நான்தான் கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்தேன். சூடாகத்தான் இருந்தது, ஆனால் அது வெயிலின் சூடு.

மறந்துவிட்டதாகச் சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். சாவி என் இடுப்பில் இருந்தது, அவன் தட்டியது தெருமுனை வரை கேட்டது, எப்படி மறக்கும்? தெரிந்துதான் பூட்டினேன். பிழைக்கமாட்டான் என்றும் தெரியும். உயிரோடு இருந்தவரை அவன் மேல் நான் கை வைக்கவில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் உதவி வேண்டும், சார். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எப்போது வைத்தாலும் எனக்கு ஒரு நாள் அனுமதி வாங்கித் தாருங்கள். அகிலா இப்போது என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம், துக்கத்தில் அப்படித்தான் பேசுவாள். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் நானும் போய் நிற்காவிட்டால் ஊர் என்ன பேசும்?