பிரித்த ஓடுகள்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், தண்டவாள வேலைக்காரர்கள் இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர், இந்தியாவில் அப்பாவின் பழைய வீட்டைச் செப்பனிட்டு எளிமையாக வாழலாம் என்று குடும்பத்தோடு போய்த் திரும்பியவர்.

“புது ஓடுகளை நானே ஏறிப் பிரிச்சேன்” என்றார்.

“ஏன் அண்ணே?”

“நம்ம தெருவில கீத்துக் கூரைதான் இருக்கணுமாம். மேலத்தெருக்காரங்க வந்து நின்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘சரிங்க சாமி’ன்னேன். தோள்ல கிடந்த துண்டைக் கை தானா எடுத்து இடுப்பில கட்டிருச்சு.”

இளையவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“கீழே நின்னு ஒவ்வொரு ஓடா வாங்கி அடுக்கினது எம் மக. இங்க பொறந்த பிள்ளை. ‘அவங்க யாருப்பா’ன்னு ஒரு வார்த்தை கேக்கல. திரும்பி வர்ற கப்பல்லயும் கேக்கல. இப்பவும் சோறு போடுறா, என் முகத்தைப் பாக்காம.”